ஆராய்ச்சிக்கு வந்த முனீஸ்வரன் கிடா

எழுபத்தெட்டாம் வருஷம் செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் வருகிற பழைய பங்களாவில், 'குழந்தைகள் கழுத்துக் கழலை ஆராய்ச்சி நிலையம்' என்று ஒரு போர்டு மாட்டினார்கள். மாட்டின மறுநாளே அதற்குக் கீழே ஏழு பேர் வேலை கேட்டு நின்றார்கள். ஆறு பேர் எஸ்.எஸ்.எல்.சி. அதில் ஒருவன் டைப்ரைட்டிங்கும் முடித்தவன். ஏழாவது ஆள் கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த முருகையன். படிப்பு ஐந்தாவது, அதுவும் முழுசாக இல்லை. இரண்டு வருஷம் கடலை போட்டு, இரண்டு வருஷமும் மழை கைவிட்டு, இனிமேல் மண்ணை நம்பிப் பிரயோஜனம் இல்லை என்று டவுனுக்கு வந்திருந்தான். உள்ளேயிருந்து வந்த டாக்டர் அப்பாதுரை எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்கள்ல யாருக்கு ஆடு பிடிக்கத் தெரியும்?"

படித்த ஆறு பேருக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆடு பிடிக்கவா பரீட்சை எழுதினோம்? முருகையன் மட்டும் கையைத் தூக்கினான். அவ்வளவுதான், வேலை கிடைத்துவிட்டது. காக்கிச் சட்டை, காக்கி பேண்ட், 'பிராணி உதவியாளர்' என்று ஒரு பட்டம். ஊரில் ஒருத்தர்கூட அந்தப் பட்டத்தைச் சொல்லிக் கூப்பிடவில்லை என்பது வேறு விஷயம். ஆட்டு டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

குழந்தைகளின் கழுத்தைப் பார்க்கிற இடத்தில் ஆட்டுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். முருகையனும் கேட்டான். டாக்டரிடம் கேட்க தைரியம் இல்லை. லேபில் வேலை பார்க்கிற சரசுவிடம் கேட்டான். சரசு வேலூரில் படித்துவிட்டு வந்த பெண். கெட்டிக்காரி. நாக்கில் கொஞ்சம் மிளகாய் உண்டு.

"நம்ம ரத்தத்துல வெள்ளை அணு கீது இல்ல, அதுல டி-செல்னு ஒரு வகைண்ணா. அது போலீஸ்காரன் மாதிரி. வெளியிலேர்ந்து கிருமி வந்தா அடிக்கணும், அதான் அதோட வேலை. இந்தக் கொழந்தைங்க உடம்புல அது வீட்டு ஆளையே அடிக்குது. கழுத்துல தைராய்டுனு ஒரு சுரப்பி கீது, அதைப் போட்டு மொத்துது. அதான் வீங்கிப்போயி, அப்பால வேலை செய்யாம நின்னுடுது."

"போலீசு வீட்டு ஆளை அடிக்கறது இன்னா புதுசா?" என்றான் முருகையன். எமர்ஜென்சி முடிந்து ரொம்ப நாள் ஆகியிருக்கவில்லை.

"இருண்ணா, கேளு. அந்தச் சின்ன வெள்ளை அணு எல்லாம் பாக்க ஒரே மாதிரி. எது டி-செல்னு எப்படித் தெரியும்? செம்மறி ஆட்டு ரத்தத்தைக் கலந்து வெச்சா, டி-செல்லு மேல மட்டும் ஆட்டோட செவப்பணு போயி சுத்தி ஒட்டிக்கும். பாக்க பூ மாதிரி இருக்கும். நூறு அணுவுல எத்தினி பூன்னு எண்ணுனா கணக்கு வந்துடும்."

சொன்னதோடு விடாமல் மைக்ராஸ்கோப்பில் காட்டவும் காட்டினாள். நடுவில் ஒரு வெளிறின உருண்டை, அதைச் சுற்றிச் சின்னச் சின்ன மணிகள். முருகையன் வாயைப் பிளந்தான். மனுஷக் குழந்தையின் ரத்தத்துக்கும் செம்மறி ஆட்டின் ரத்தத்துக்கும் இப்படி ஒரு ஒட்டுறவா! அன்றைக்குச் சாயங்காலம் பெண்டாட்டி சந்திரம்மாளிடம் போய்ச் சொன்னான். அவள் நம்பவில்லை. ஊர்க்காரர்கள் அவனைக் கேலி செய்வதற்கு இன்னொரு விஷயம் கிடைத்தது.

அவனுக்கு அதில் அத்தனை அக்கறை வந்ததற்குக் காரணம் இருந்தது. அவனுடைய ஒரே மகள் தனத்துக்கும் கழுத்து வீங்கியிருந்தது. ஒன்பது வயசு, ஆறு வயசுப் பிள்ளையின் உயரம். சித்திரை வெயிலில் போர்வை கேட்பாள். குரல் கரகரவென்று இருக்கும். வகுப்பில் தூங்குவாள். வாத்தியார் மந்தம் என்று சொல்லிவிட்டார். சொந்தக்காரர்களோ, "பொண்ணுன்னா இப்படி இருக்கணும், எம்மாம் அடக்கம்! அதட்டினாக்கூட வாயைத் தொறக்காது" என்று மெச்சினார்கள். இரண்டு பேர் இப்போதே சம்பந்தம் பேசியும் வைத்துவிட்டார்கள். பிள்ளையைத் தின்றுகொண்டிருந்த வியாதிக்கு இந்த ஜனங்கள் வைத்த பேர் அடக்கம். முருகையனும் அதைக் கேட்டுப் பூரித்துப்போனவன்தான். அந்தப் பாவத்தையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா?

டாக்டர் அப்பாதுரை அவள் கழுத்தைத் தடவிப் பார்த்தார். லேசில் எதையும் சொல்லிவிட மாட்டார், லண்டனில் படித்தவர். ரத்தம் எடுத்தார், மெட்ராசுக்கு அனுப்பினார், தலையை ஆட்டினார்.

"இதேதான். ஒண்ணும் பயப்படாதே. தைராய்டு செய்யற வேலையை ஒரு மாத்திரை செஞ்சுடும். தினம் காலைல ஒண்ணு. பொண்ணு நல்லா வளருவா, நல்லா படிப்பா."

முருகையன் அவர் காலில் விழப் போனான்.

"ஆனா முதல்ல எண்ணணும்" என்றார் டாக்டர். "மாத்திரை போடறதுக்கு முன்னாடி டி-செல் எவ்வளவு, போட்ட பிறகு எவ்வளவு. அதுதான் ஆராய்ச்சி. மூணு தடவை எண்ணி, மூணும் ஒத்துப்போகணும். ஆவணியில மாத்திரை ஆரம்பிச்சுடலாம்."

முப்பது குழந்தைகளின் பேர் நோட்டில் ஏறியது. மாத்திரைப் பெட்டிகளும் வந்து இறங்கின. ஸ்டோர் ரூமில் அடுக்கிப் பூட்டினார்கள். ஆவணி எப்போது வரும் என்று முருகையன் காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவனுக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை, அந்த மாத்திரை தன் மகளின் வாய்க்குள் போனால் போதும்.

இனி ஆட்டு விஷயத்துக்கு வருவோம். ஆட்டுக்கு ஆடு ரத்தம் வித்தியாசப்படுமாம். அதனால் ஒரே செம்மறியிலிருந்துதான் கடைசிவரை எடுக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நல்ல செம்மறியாக ஒன்று பிடித்துக்கொண்டு வா என்று முருகையனை அனுப்பினார். முருகையன் சந்தைக்குப் போகவில்லை. நேராகத் தன் வீட்டுக்குப் போய், கொட்டகையில் கட்டியிருந்த கிடாவை அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டான். அது தனத்தின் கழுத்து வீங்கினபோது சந்திரம்மாள் ஊர் எல்லை முனீஸ்வரனுக்கு நேர்ந்துவிட்ட கிடா.

சாமி சொத்தை எடுத்துக்கொண்டு போய் ஆராய்ச்சிக்கு விட்டானே என்று கோபப்படாதீர்கள். அவன் பக்கத்தில் ஒரு நியாயம் இருந்தது. இங்கே கிடாவுக்கு வேளாவேளைக்குப் பருப்புப் பொட்டு, பிண்ணாக்கு, பசுந்தழை. வாரம் ஒரு தடவை ஒரு சின்னப் பாட்டில் ரத்தம், அவ்வளவுதான். மூணு தடவை எண்ணி முடித்த பிறகு முனீஸ்வரனுக்குக் கொழுத்த கிடாவாகக் கொண்டுபோய் விட்டால் அவருக்கும் லாபம்தானே? முனீஸ்வரனிடம் மட்டும் இதை யாரும் கேட்கவில்லை.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலையில் ஈரப் பஞ்சால் கிடாவின் கழுத்தைத் துடைப்பான். நரம்பைப் பிடித்து ஊசியை ஏற்றுவான். மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவர் சொல்லிக்கொடுத்த வித்தை. நாளாக நாளாகக் கிடாவுக்கு அது பழகிப்போய்விட்டது. ஈரப் பஞ்சு பட்டதுமே தானாகக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். டாக்டர் அப்பாதுரை ஒரு நாள்கூடக் கொட்டகைப் பக்கம் வந்ததில்லை. ஆட்டு வாடை அவருக்கு ஆகாது. பாட்டில் வந்தால் சரி.

முதல் தடவை எண்ணினார்கள். கழலைக் குழந்தைகளுக்கு நூற்றுக்கு அறுபது சொச்சம். பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்த நல்ல குழந்தைகளுக்கும் ஏறக்குறைய அதேதான். இரண்டாம் தடவையும் அப்படியே. டாக்டர் முகம் தொங்கிப்போயிற்று. வித்தியாசமே இல்லாத ஆராய்ச்சியை எந்தப் பத்திரிகைக்காரன் போடுவான்? "இன்னும் ஒரு தடவைதான். எண்ணி முடிச்சதும் மாத்திரையைக் குடுத்துடலாம்" என்று சலிப்போடு சொன்னார்.

ஆடி பிறந்தது. முனீஸ்வரன் கோயிலில் பம்பை அடித்ததும் சந்திரம்மாளின் அண்ணன் சின்னசாமிக்கு அருள் வந்துவிட்டது. அவன்தான் பூசாரி.

"எங்க கிடாடா? எனக்கு நேர்ந்த கிடாவை எவன்டா மாசக்கணக்கா உறிஞ்சறான்? என் சொத்து மேல ஊசி குத்தினவன் வூட்டுல பொண்ணு வளருமாடா?"

கூட்டம் முருகையனைத் திரும்பிப் பார்த்தது. போன மாசம்தான் சின்னசாமி கைமாத்துக் கேட்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்திருந்தான், இல்லை என்று அனுப்பிவிட்டான் முருகையன். முனீஸ்வரனுக்குத் தகவல் எந்த வழியாகப் போயிருக்கும் என்று முருகையனுக்குத் தெரியாதா என்ன? தெரியும். தெரிந்தாலும் சிரித்துத் தள்ளிவிட முடியவில்லை. மகள் விஷயம் பாருங்கள். அங்கே கெட்டிக்காரத்தனம் எல்லாம் செல்லாது.

சந்திரம்மாள் தலையிலடித்துக்கொண்டு அழுதாள். "அதான் கொழந்தை இப்படிக் கீது! சாமி ஆட்டுல கை வெச்சுட்டு எந்த மாத்திரை இன்னா பண்ணும்? உனக்கு டாக்டரு பெருசா, பொண்ணு பெருசா?"

"காது குத்து" என்று சொல்லி இரண்டு நாள் லீவு வாங்கினான் முருகையன். சனிக்கிழமை கிடாவை ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

கோயிலில் கிடாவுக்கு மாலை போட்டு, மேலே மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். ஆடு உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். உதறினால்தான் சாமிக்குச் சம்மதம் என்று அர்த்தம். சில ஆடுகள் லேசில் உதறாது. மணிக்கணக்கில் காக்க வைக்கும். இந்தக் கிடா உதறவும் இல்லை, மிரளவும் இல்லை. ஈரம் பட்டதும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. "என் ஜென்மத்துல இப்படி ஒரு உத்தரவைப் பாத்ததில்ல!" என்று சின்னசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டான். முருகையனுக்கு அது ஏன் நீட்டுகிறது என்று தெரியும். அன்றைக்குக் கறிச்சோறு அவனுக்கு இறங்கவில்லை.

திங்கட்கிழமை ரத்தம் வேண்டுமே! ஞாயிற்றுக்கிழமை பூரா செம்மறி தேடி அலைந்தான். ஆடி மாசத்தில் செம்மறி கிடைக்குமா? ஜில்லாவில் இருக்கிற அத்தனை கிடாவும் ஏதாவது ஒரு சாமிக்கு நேர்ந்துவிட்டதாக இருந்தது. கடைசியில் சந்திரம்மாள் வளர்த்த வெள்ளாட்டுக் கிடாவை, தாடியும் அதுவுமாக, ஓட்டிக்கொண்டு வந்து கொட்டகையில் கட்டினான். வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் வித்தியாசம் தெரியாதவனா அவன்? ஆனால் வித்தியாசம் மயிரில் இருக்கிறது, வாலில் இருக்கிறது, வாடையில் இருக்கிறது. தோலுக்கு உள்ளே எல்லாம் சிவப்புதானே என்று நினைத்தான். ஒரே ஒரு தடவைதான். அப்புறம் ஆவணி, அப்புறம் மாத்திரை. பாட்டிலை நிரப்பிச் சரசுவிடம் கொடுத்தான்.

மூன்றாம் தடவை எண்ணியபோது கழலைக் குழந்தைகளுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டுதான் வந்தது.

சரசு திரும்ப எண்ணினாள். பன்னிரண்டு. டாக்டரே உட்கார்ந்து எண்ணினார். பன்னிரண்டு. அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த வேகத்தில் பக்கத்திலிருந்த காபி டம்ளர் உருண்டது.

"டி-செல் காணாமப் போயிடுச்சு! நோய் முத்த முத்த மறையுது! இது எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு தெரியுமா?"

சரசுவுக்குச் சந்தேகம். தன் கையிலிருந்தே ரத்தம் எடுத்து எண்ணிப் பார்த்தாள். "சார், எனக்கும் பன்னெண்டுதான் வருது."

டாக்டர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "உனக்கும் தைராய்டு இருக்கும்மா. கழுத்தைக் காட்டு."

"நல்லா கீற கொழந்தைங்களை இன்னொரு வாட்டி எண்ணிப் பாக்கலாமே சார்?"

"அதான் ரெண்டு தடவை எண்ணியாச்சே! அந்த ஹெட்மாஸ்டர்கிட்ட மறுபடி யார் போய்க் கெஞ்சறது?"

மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த முருகையனுக்கு அடுத்தாற்போல் வந்த வார்த்தைதான் இடியாக விழுந்தது. "இந்தச் சமயத்துல மாத்திரை குடுத்தா எல்லாம் கெட்டுப்போயிடும். இன்னும் ஒரு வருஷம் யாருக்கும் குடுக்கக் கூடாது. எவ்வளவு தூரம் குறையுதுன்னு பாக்கணும்."

பார்த்தீர்களா கூத்தை! மகள் நன்றாக இருக்க வேண்டும் என்று கிடாவை வெட்டினான். வெட்டியதை மறைக்க வெள்ளாட்டைக் கட்டினான். அந்த வெள்ளாட்டு ரத்தம் மகளின் மாத்திரைக்கு ஒரு வருஷப் பூட்டுப் போட்டுவிட்டது.

முருகையன் மருந்துக்கடைக்கு ஓடினான். சீட்டு இல்லாமல் தர மாட்டோம் என்றார்கள். வேறொரு டாக்டரிடம் தனத்தைத் தூக்கிக்கொண்டு போனான். அவர் கழுத்தைப் பார்த்தார், விஷயத்தைக் கேட்டார், கையைக் கூப்பிவிட்டார். "அப்பாதுரை சாரே பாக்கறாரு. லண்டன்ல படிச்சவரு. அவருக்கு மேல நான் எழுதினா நல்லா இருக்குமா? அவர் கொடுக்கலைன்னா ஏதாவது காரணம் இருக்கும்." இந்த மரியாதை என்பது இருக்கிறதே, அது பெரியவர்களுக்குள் ரொம்ப நன்றாக நடக்கிறது. நடுவில் நிற்கிற குழந்தைதான் வாடுகிறது.

கார்த்திகை தீபத்தன்று தெருப் பிள்ளைகள் எல்லாம் தீப்பொறி பறக்க மாவலி சுற்றிக்கொண்டு ஓட, தனம் வாசற்படியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். சோறு ஊட்டினால் பாதியில் கண் செருகியது. முகம் ஊதிவிட்டது. தூக்கினால் உடம்பு ஜில்லென்று இருந்தது. முருகையனுக்குப் பொறுக்க முடியவில்லை. மறுநாள் டாக்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

"சார், ஒரு தப்பு நடந்துபோச்சு சார். செம்மறி இல்ல சார் இப்ப. ஆடியில வெட்டிட்டோம். அப்பால எல்லாம் வெள்ளாட்டு ரத்தம்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். முகம் வெளுத்துச் சாம்பலாகியது. புத்திசாலி அல்லவா, ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. பம்பாயில் நடக்கப்போகிற மாநாட்டுக்குக் கட்டுரை போய்ச் சேர்ந்து மாசம் ஒன்றாகிவிட்டது. பேர் அச்சாகிவிட்டது.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுங்க."

"அப்படியே இருக்கட்டும். உன் வேலையை நிரந்தரமாக்கறதுக்கு நான் எழுதறேன். போ."

"கொழந்தைக்கு மாத்திரை சார்..."

"ஒரு கொழந்தைக்கு மட்டும் குடுத்தா சந்தேகம் வரும் முருகையா. கொஞ்சம் பொறு."

முருகையன் வெளியே வந்து கொட்டகையில் உட்கார்ந்தான். இதுவரைக்கும் அவன் டாக்டரைச் சாமிக்கு அடுத்தபடியாக வைத்திருந்தான். அன்றைக்குத்தான் அந்த ஆள்மேல் அவனுக்குக் காறித்துப்பலாம் போல வந்தது. துப்பவில்லை. வெள்ளாட்டுக்குத் தழை போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான்.

தை மாசம் மெட்ராசிலிருந்து கஸ்தூரி அம்மாள் வந்தார். பணம் கொடுக்கிற அமைப்பு அனுப்பிய பெரிய டாக்டர். கட்டை குட்டையான உருவம், நூல் புடவை, கையில் குடை. டாக்டர் அப்பாதுரை முன்னாடியே எல்லா ஏற்பாடும் செய்திருந்தார். வேங்கிக்காலிலிருந்து ஒரு செம்மறிக் கிடாவை வாடகைக்குப் பிடித்துவந்து, குளிப்பாட்டி, கொட்டகையில் முன்னால் கட்டியாயிற்று. வெள்ளாட்டைப் பின்னால் மோட்டார் ரூமில் அடைத்தாயிற்று. முப்பது குழந்தைகளும் தலை வாரிப் பூ வைத்து வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் தனம் சுவரில் சாய்ந்து தூங்கினாள்.

கஸ்தூரி அம்மாள் நோட்டைப் புரட்டினார். "பன்னெண்டு வந்ததே, அன்னிக்கு நல்லா இருக்கற கொழந்தைங்களுக்கு எவ்வளவு வந்தது?"

"அது... முந்தியே ரெண்டு தடவை எண்ணியாச்சு மேடம்."

"அன்னிக்கு எண்ணலை. சரி. ஆட்டைக் காட்டுங்க."

"வாடை அடிக்கும் மேடம்."

"எங்க வீட்டுல எருமையே இருந்தது. நடங்க."

கொட்டகை வாசலில் டாக்டர் கண்ணாலேயே முருகையனுக்குச் சைகை காட்டினார். செம்மறி அழகாக நின்றுகொண்டிருந்தது. முருகையன் சும்மா இருந்தால் போதும், வேலை நிரந்தரம். வாயைத் திறக்காமல் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். அவன் வராந்தாவைத் திரும்பிப் பார்த்தான். மகளின் தலை சுவரில் இடித்தும் அவள் விழிக்கவில்லை. அவன் செம்மறியைத் தாண்டிப் பின்னால் போனான். மோட்டார் ரூம் தாழ்ப்பாளை நீக்கி வெள்ளாட்டை இழுத்துக்கொண்டு வந்து அந்த அம்மாள் முன்னால் நிறுத்தினான்.

"இதாங்க அந்த ஆடு. ஆடியிலேர்ந்து இதோட ரத்தம்தாங்க. செம்மறியை நான்தான் சாமிக்கு வெட்டிட்டேன். தப்பு என்னோடதுங்க. டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். அவரு சும்மா இருன்னாரு."

"பொய் சொல்றான் மேடம்!" என்று டாக்டர் கத்தினார். "படிக்காத ஆளு, எதையோ உளர்றான்!"

கஸ்தூரி அம்மாள் வெள்ளாட்டைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "இந்தத் தாடி பொய் சொல்லாது டாக்டர்."

"என் சொந்த ரத்தமும் பன்னெண்டுதாங்க மேடம்" என்று பின்னாலிருந்து சரசுவின் குரல் வந்தது. "சொன்னா, எனக்கும் தைராய்டுன்னாரு."

அந்த அம்மாள் வேறு எதுவும் கேட்கவில்லை. வராந்தாவுக்குப் போய்த் தனத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். கழுத்தைத் தொட்டார். சொரசொரவென்று இருந்த கையைப் பிடித்துப் பார்த்தார்.

"இவளுக்கு என்ன வயசு?"

"பத்து முடிஞ்சுபோச்சுங்க."

"மாத்திரை எங்க?"

"ஸ்டோர்ல கீதுங்க. ஆடிக்கு முன்னாடியே வந்துட்டுது. பூட்டிக் கீது."

கஸ்தூரி அம்மாளின் குடை தரையில் விழுந்தது. எடுக்கவில்லை. "எல்லாக் கொழந்தைக்கும் இப்பவே, என் கண்ணு முன்னாடி, ஆரம்பிங்க" என்றார். சாவி வந்தது. தண்ணீர் வந்தது. தனத்தை எழுப்பி முதல் மாத்திரையை முருகையனே வாயில் போட்டான். அவள் முழுங்கினதும் அங்கேயே தரையில் உட்கார்ந்து, எத்தனையோ பேர் பார்க்கிறார்களே என்ற வெட்கம்கூட இல்லாமல், குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். பம்பாய்க் கட்டுரை 'தொழில்நுட்பக் காரணங்களால்' திரும்பப் பெறப்பட்டது. டாக்டர் அப்பாதுரை அதே நாற்காலியில்தான் இருந்தார். இனி ஒழுங்காக எண்ணுகிறேன் என்று எழுதிக்கொடுத்தார், அவ்வளவுதான். பிராணியை மாற்றிய குற்றத்துக்காக முருகையனுக்கு வேலை போயிற்று. அவன் வேங்கிக்கால் பக்கம் ஒரு செங்கல் சூளையில் சேர்ந்தான். எட்டே மாசத்தில் தனம் விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்தாள். வீக்கம் வற்றியது. வாத்தியாரிடம் எதிர்க்கேள்வி கேட்டாள், அடி வாங்கினாள், மறுபடி கேட்டாள். சம்பந்தம் பேசி வைத்திருந்த இரண்டு பேரும் "பொண்ணு வாயாடியா பூட்டுதே" என்று நழுவிக்கொண்டார்கள். சின்னசாமி, எல்லாம் முனீஸ்வரன் செயல் என்றான். பாதி சாமி பாதி மாத்திரை என்றாள் சந்திரம்மாள்.

அதற்குள் ஆராய்ச்சியும் முடியப்போவதாகச் செய்தி வந்தது. முடிந்தால் மாத்திரையும் நின்றுவிடும். ஆனால் இந்த மாத்திரையை ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது என்று கஸ்தூரி அம்மாள் தனத்திடம் சொல்லியிருந்தார். முருகையனுக்கு மறுபடி தூக்கம் போயிற்று. சூளைக் கூலியில் மாசாமாசம் எப்படி வாங்குவது, யாரிடம் சீட்டு கேட்பது?

அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம் அவன் வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றது. டாக்டர் அப்பாதுரையே இறங்கினார். கையில் ஊசிப்பெட்டி. பேச்சில் தேன் ஒழுகிற்று.

"முருகையா, பழசையெல்லாம் மறந்துடு. மாத்திரை போட்ட பிறகு ஒரு தடவை எண்ணணும். மீதி கொழந்தைங்க பாதிப்பேர் வரலை. உன் பொண்ணும் இல்லைன்னா கணக்கு நிக்காது. ஒரே ஒரு ஊசி. நல்ல செம்மறியா வாங்கியிருக்கேன், நானே போய்ப் பார்த்தேன்."

முருகையன் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றான். அதற்குள் தனம் உள்ளேயிருந்து வந்தாள். டாக்டரை நேராகப் பார்த்தாள்.

"குடுக்கறேன் சார். மொதல்ல மாத்திரை. மூணு வருஷத்துக்கு."

"எடுத்து முடிச்சதும் தரச் சொல்றேம்மா."

"இல்ல சார். மாத்திரைதான் மொதல்ல. அப்பால நீங்க எண்ணிக்கோங்க."

"தனம்!" என்று சந்திரம்மாள் உள்ளேயிருந்து அதட்டினாள். முருகையன் கையை நீட்டிப் பெண்டாட்டியை அடக்கினான். டாக்டர் அவனைப் பார்த்தார். "என்ன முருகையா இது?"

"கொழந்தை சொல்றது சரிதாங்க" என்றான் முருகையன். கையிலிருந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

ஜீப் போய்த் திரும்பி வந்தது. டிரைவர் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்தான். டாக்டர் ஊசியை எடுத்தார். தனம் கையை நீட்டவில்லை. கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தாள். உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, வருஷத்துக்கு முன்னூற்று அறுபத்தஞ்சு என்று தனித்தனியாகப் பிரித்து வைத்து, வாய்விட்டு எண்ண ஆரம்பித்தாள். அவள் அவசரப்படவில்லை. எண்ணி முடியும்வரை டாக்டர் அப்பாதுரை வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.